மோட்டார் போட்டால் லேப்டாப் படுத்துவிடுகிறது

கம்ப்யூட்டர் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்து, தானாக எழுந்திருக்கும் லேப்டாப் பற்றிக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வழக்கம்போல் பெயர் இல்லை, ஊர் மட்டும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி: அண்ணா, காப்பி எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். லேப்டாப் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. போன தை மாதத்திலிருந்து, வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று போய்விடுகிறது. சில நேரம் தானாகத் திரும்ப வரும், சில நேரம் நான் பட்டனை அழுத்த வேண்டும். கீழே சேலத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். முதல் தடவை விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள். இரண்டாம் தடவை ரேம் மாற்றினார்கள். மூன்றாம் தடவை இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்து, "ஒரு கோளாறும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மேலே கொண்டுவந்த அன்றைக்கே போய்விட்டது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதால்தான் என்று ஒருவர் சொல்கிறார், மதர்போர்டு என்கிறார் இன்னொருவர். என் முதல் கடிதத்துக்கு, நோட்டுப் போட்டு எழுதச் சொன்னீர்கள், பேட்டரி ரிப்போர்ட்டும் கேட்டீர்கள். பத்து நாள் எழுதியது, ரிப்போர்ட் இரண்டும் இத்துடன்.

பதில்: அம்மா, முதலில் அந்த நோட்டுக்கு நன்றி. எழுதுங்கள் என்று நான் சொல்வதில் பத்துப் பேரில் ஒருவர் எழுதினால் அதிகம். நீங்கள் எஸ்டேட் கணக்கு எழுதுகிறவர் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. தேதி, மணி, என்ன திறந்திருந்தது, சார்ஜர் போட்டிருந்ததா, சூடாக இருந்ததா என்று ஐந்து கட்டம் போட்டு, ஓரத்தில் குறிப்புக்கும் இடம் விட்டிருக்கிறீர்கள். கடையில் என்னோடு இருக்கும் பையனிடம் காட்டி, "வேலையை இப்படிப் பழகு" என்றேன்.

மொத்தம் பதினோரு தடவை. அதில் எட்டு, மாலை நாலு மணிக்கும் ஆறரைக்கும் நடுவில். இரண்டு, காலை ஏழு மணி சுமாருக்கு. ஞாயிற்றுக்கிழமை வரியே இல்லை. திறந்திருந்தது ஒரு நாள் எக்செல், ஒரு நாள் டேலி, ஒரு நாள் வெறும் ஸ்கிரீன். ஆக, எந்த சாஃப்ட்வேரையும் குறை சொல்ல வழியில்லை. சூடு என்ற கட்டத்தில் எல்லாமே "இல்லை". நாலாவது வரியின் ஓரத்தில், பென்சிலில், "பல்பர் சத்தம்" என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். காதில் விழுந்ததை எழுதிவைத்தீர்கள், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது அதில்தான் இருந்தது.

மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பறித்த காப்பிப் பழத்தை அன்றைக்கே தோல் உரித்தாக வேண்டும், வைத்தால் புளித்துவிடும். அதனால் பகலெல்லாம் பறித்து, எடை போட்டு, சாயங்காலம்தான் தோல் உரிக்கும் இயந்திரமான பல்பர் ஓடும். அதை ஓட்டுவது மோட்டார். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில், ஓடும்போது எடுக்கும் கரண்டைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். மலையில் டிரான்ஸ்ஃபார்மர் எங்கோ இருக்கும், ஒயர் நீளம். அந்த இழுப்பில் ஆபீஸ் அறை பல்பு ஒரு தடவை கண் சிமிட்டும். நீங்கள் பார்த்துப் பழகிப்போயிருப்பீர்கள். காலை ஏழு மணிக்கு என்ன என்று உங்களுக்கே தெரியும், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாராகத்தான் இருக்கும். சீசன் இல்லாத மாதங்களில் தொல்லை குறைவு என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், அதுவும் இதோடு சேர்கிறது.

சரி, பல்பு சிமிட்டினால் லேப்டாப் ஏன் சாக வேண்டும்? சாகக் கூடாது. சார்ஜரின் அடியில் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். வோல்டேஜ் குறைவதை அது பெரும்பாலும் சமாளிக்கும். நூறுக்கும் கீழே சரிந்தாலோ, முழுசாகவே அறுந்தாலோ சார்ஜர் தாங்குவது நொடியில் நூறில் ஓரிரு பங்குதான். அதற்குமேல் போனால் பேட்டரி கைகொடுக்கும். வீட்டில் கரண்ட் போனாலும் லேப்டாப் அசையாமல் ஓடுவது அதனால்தான். டெஸ்க்டாப்பில் இந்த வசதி கிடையாது.

உங்கள் பேட்டரியால் கைகொடுக்க முடியவில்லை. ரிப்போர்ட்டில் டிசைன் கெபாசிட்டி, அதாவது புதிதில் தாங்கும் அளவு, 41,000 சொச்சம் இருக்கிறது, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி, அதாவது இப்போது தாங்கும் அளவு, 11,200. கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். ஐந்து வருஷமாகப் பெரும்பாலும் சார்ஜரைக் கழற்றாமலே ஓட்டியிருக்கிறீர்கள், அது உள்ளேயே நைந்துபோனது. ஸ்கிரீனில் நூறு சதவீதம் என்று காட்டும். இருக்கிற கொஞ்சத்துக்கு நூறு, அவ்வளவுதான். திடீரென்று மொத்த பாரமும் அதன் தலையில் விழும்போது வோல்டேஜ் சரிந்து மடங்கிவிடுகிறது. சரிவு கண்ணிமைக்கும் நேரம் என்றால் தானாக ரீஸ்டார்ட், கொஞ்சம் நீண்டால் முழுசாக ஆஃப். நீங்கள் சொன்ன இரண்டு மாதிரிக்கும் காரணம் இது ஒன்றே.

பதினோராவது வரி மட்டும் என்னை ஒரு நாள் உட்காரவைத்தது. இரவு ஒன்பதேகால், மோட்டார் இல்லை, சார்ஜரும் இல்லை, "பேட்டரி 43 காட்டியது, மகளுக்கு வீடியோ கால் போட்டதும் போய்விட்டது". நான் கட்டிய கணக்கெல்லாம் தப்போ என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. 43 காட்டும் பேட்டரி, வீடியோ கால் என்ற பாரம் வந்ததும் விழுகிறது என்றால், பேட்டரிமேல் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சேலத்துக் கடையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? அங்கே பல்பர் இல்லை. யு.பி.எஸ். இருந்திருக்கும். அவர்களைத் திட்ட வேண்டாம், நானே இதே தப்பைச் செய்திருக்கிறேன். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் நாலு தடவை அதே லேப்டாப்பைக் கொண்டுவந்தார். கடையில் குதிரை மாதிரி ஓடும், வீட்டில் படுத்துவிடும். ரேம் மாற்றினேன், மதர்போர்டையே கழற்றிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். மேசைக்கு அடியில், அவர் கால் வைக்கும் இடத்தில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கால் பட்டால் பிளக் ஆடுகிறது, ஆடினால் உள்ளே சிர்ரென்று ஒரு சத்தம். அவர் பேட்டரியும் போனதுதான். ரேமுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்க மனசு வர இரண்டு நாள் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பேட்டரி மாற்றுங்கள். மாடலைப் பொறுத்து இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரத்துக்குள் அமையும். மாற்றும்போது பழையது உப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ, மூடி சரியாக உட்காராமலோ இருந்தால் அது உப்பிய பேட்டரி, அதைச் சார்ஜ் போடக் கூடாது, குத்தவும் அமுக்கவும் கூடாது. அடுத்து, ஆபீஸ் அறை லைனை மோட்டார் லைனிலிருந்து பிரிக்க முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பிரிண்டரும் மோடமும் இருப்பதால் ஒரு சின்ன யு.பி.எஸ். வைக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்கலாம். ஸ்டெபிலைசர் வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரிலே வைத்த ஸ்டெபிலைசர் வோல்டேஜை மாற்றும்போது டக்கென்று ஒரு இடைவெளி விடும், நமக்கு வினையே அந்த இடைவெளிதான்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது 2025 அக்டோபர் 14. அதன் பொருள், பாதுகாப்பு அப்டேட் வழக்கம்போல் வராது என்பது. அது கவலைப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அதனால் லேப்டாப் அணையாது. சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்து அணைவதற்கு விண்டோஸுக்கு உங்கள் எஸ்டேட் வேலை நேரம் தெரியாது.

பேட்டரி ரிப்போர்ட் எடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, முன்சாய்ந்த கோடு ஒன்று போட்டு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே வார்த்தையாக அடியுங்கள். ஃபைல் எங்கே சேமித்தது என்று அதுவே சொல்லும்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், எனக்கு நீல ஸ்கிரீன் வந்து ஒரு நொடியில் ரீஸ்டார்ட் ஆகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. விண்டோஸ் நடந்ததைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் பார்த்தால் கெர்னல்-பவர் 41, கிரிட்டிக்கல் என்று சிவப்பில் இருக்கிறது. பவர் சப்ளை போய்விட்டதா?

பதில்: இல்லை தம்பி. கெர்னல்-பவர் 41 என்பது காரணம் அல்ல. காலையில் வரும் வாட்ச்மேன், "ராத்திரி கேட் பூட்டாமல் கிடந்தது" என்று ரிஜிஸ்டரில் எழுதுவது போன்றது. யார் திறந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. விண்டோஸ் மறுபடி எழுந்ததும், "நான் முறையாக மூடப்படவில்லை" என்று எழுதிவைப்பதுதான் 41. அதைத் திறந்து டீட்டெய்ல்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நீல ஸ்கிரீன் பதிவாகவில்லை, கரண்ட், பேட்டரி, சூடு, இந்தப் பக்கம் முதலில் போக வேண்டும், ஏற்காட்டு அம்மாவுக்கு ஆனதுபோல. வேறு எண் இருந்தால் நீல ஸ்கிரீனின் பிழை எண் அது. உங்களுக்கு எண் இருக்கும்.

ஸ்கிரீன் ஓடிப்போகாமல் நிறுத்த ஒரு வழி இருக்கிறது. ஸ்டார்ட்டில் அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடுங்கள். ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி என்ற பகுதியில் செட்டிங்ஸை அழுத்தி, ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட் என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை ஸ்கிரீன் அப்படியே நிற்கும். மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள்.

அதில் மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தால் ரேமைச் சந்தேகப்படலாம். டிபிசி வாட்ச்டாக் என்றால் பெரும்பாலும் டிரைவர், சில நேரம் எஸ்எஸ்டி. டபிள்யூஎச்இஏ என்று தொடங்கினால் ஹார்டுவேரே புகார் சொல்கிறது. ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறதா, தடவைக்கு ஒன்றாக மாறுகிறதா என்பதையும் பாருங்கள். மாறிக்கொண்டே இருந்தால் நான் முதலில் கை வைப்பது ரேமில்தான். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் பிரித்துவிட்டு, ரேமை வெளியே எடுத்து, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் போகத் துடைத்து, கிளிப் "டக்" என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் உள்ளேயே இருக்கிறது, ஆனால் அது "சரி" என்று சொன்னதை மட்டும் வைத்து நான் ரேமை விட்டுவிடுவதில்லை. மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் ஒரு எரர் இருந்தாலும் மாற்றிவிடுவேன்.

ஹார்டுவேரா சாஃப்ட்வேரா என்று பிரிக்க இன்னொரு வழி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச உபுண்டுவை பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டுவது. அதிலும் படுத்தால் விண்டோஸ் மேல் பழி போட வேண்டாம். ஃபார்மட் செய்யக் கிளம்புவதற்கு முன்னால் இதைச் செய்தால் உங்கள் புராஜெக்ட் ஃபைல்கள் பிழைக்கும். எப்படியும் முதல் வேலை, அந்த ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுப்பதுதான்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். டிசைன் போடும் லேப்டாப் பட்டறையிலேயே இருக்கிறது. காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்குமேல் ஃபேன் கத்தும், அப்புறம் அணையும். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் வருகிறது.

பதில்: இது சூடு. சித்திரையில் சேலத்து வெயில் நாற்பதைத் தாண்டும், உங்கள் பட்டறையில் பற்றவைக்கும் நெருப்பும் சேர்கிறது. பிராசஸர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நூறை ஒட்டிப்போனால் தன்னைக் காத்துக்கொள்ள மொத்தமாக அணைத்துவிடும். ஆறினால் திரும்ப வரும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு மதியம் ஒரு தடவை பாருங்கள், எண் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் உங்களுக்கு வெறும் சூடு மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் பேட்டையிலிருந்து வந்த லேப்டாப் ஒன்றை முன்பு திறந்திருக்கிறேன். சாதாரணமாக ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி தூசி அடைத்திருக்கும், குச்சியால் இழுத்தால் முழுசாக வந்துவிடும். அதில் அப்படி வரவில்லை. கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, லைட்டில் காட்டினால் பொடிப்பொடியாக மின்னியது. அரம் போட்ட தூள், மெருகு போட்ட தூள். வெள்ளி கரண்ட் கடத்துவதில் முதல் இடத்தில் இருக்கும் உலோகம். பஞ்சுத் தூசி சூட்டைத்தான் கூட்டும். வெள்ளித் தூள் போர்டின் மேல் உட்கார்ந்து இரண்டு காலுக்கு நடுவில் பாலம் போட்டால் ஷார்ட் ஆகும், அப்போது எந்த நேரத்தில் எது படுக்கும் என்று சொல்ல முடியாது. பட்டறையைக் கூட்டிய மண்ணைக்கூட வீணாக்காமல் வெள்ளி பிரிக்கக் கொடுப்பீர்கள், லேப்டாப்புக்குள் போனதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகையால் ப்ளோயர் வைத்து நீங்களே ஊதாதீர்கள், தூள் இன்னும் உள்ளே போகும். முழுசாகக் கழற்றி, பிரஷ்ஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வைத்துத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, தெர்மல் பேஸ்ட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். திரும்பி வந்தபின் லேப்டாப்பை மாடி அறைக்கு மாற்றிவிடுங்கள். பட்டறையிலேயே வைத்தால் ஆறு மாதத்தில் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

சேர்வராயன் மலை, நாகலூரிலிருந்து ஒருவர்: சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் மெட்டல் மூடியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. அதனால் ரீஸ்டார்ட் ஆகுமா?

பதில்: பெரும்பாலும் எர்த் இல்லாததுதான். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அந்தச் சுர் மிகச் சிறிய கசிவு, அதனால் மட்டும் ரீஸ்டார்ட் ஆவது அபூர்வம். ஆனால் பிளக் பாயின்ட்டில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்தே ஆக வேண்டும், இடி மின்னல் அதிகமுள்ள மலையில் இருக்கிறீர்கள். மழை கட்டும்போது சார்ஜரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர்: கீபோர்டில் டீ கொட்டிவிட்டது. மூன்று நாள் வெயிலில் கவிழ்த்துவைத்தேன். இப்போது ஓடுகிறது, ஆனால் எப்போதாவது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அரிசி மூட்டைக்குள் வைத்தால் ஈரம் இழுத்துவிடும் என்கிறார்கள். நாங்கள் மில் வைத்திருப்பதால் ஜவ்வரிசி நிறைய இருக்கிறது, அதில் வைக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துக் கடையில் எல்லோரும் சிரித்தோம், மன்னிக்கவும். அரிசியும் வேண்டாம், ஜவ்வரிசியும் வேண்டாம். மாவுத் தூள் ஃபேனுக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்தால் உள்ளே கஞ்சியே காய்ச்சிவிடலாம். மூன்று நாள் வெயிலில் தண்ணீர் போயிருக்கும், சர்க்கரையும் பாலும் போகவில்லை. அது போர்டில் பிசினாக ஒட்டி, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, செம்புக் கோடுகளைப் பச்சையாக அரிக்கும். எப்போதாவது ரீஸ்டார்ட் ஆவது அந்த அரிப்பின் தொடக்கமாக இருக்கலாம். இனிமேல் ஆன் செய்யாதீர்கள். போர்டை வெளியே எடுத்துக் கழுவத் தெரிந்த ஆளிடம் இந்த வாரமே கொடுங்கள். கொடுக்கும்போது "டீ கொட்டியது, சர்க்கரை போட்டது" என்று உண்மையைச் சொல்லுங்கள். "சும்மாவே நின்றுவிட்டது" என்று சொல்லிக் கொடுத்த லேப்டாப்பைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை வந்த நாளெல்லாம் உண்டு.